ஓடிய நேரமும் ஏட்டில் ஏறிய நேரமும்: ஜோதி யர்ராஜி, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 அக்டோபர் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் தேசிய ஓபன் தடகளப் போட்டி நடந்தது. பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜோதி யர்ராஜி 12.82 நொடியில் கோட்டைத் தாண்டினார். ஓடுகிறவரைப் பின்னாலிருந்து தள்ளும் பின்காற்று நொடிக்கு 0.9 மீட்டர், சாதனைக்கு அனுமதித்த 2.0ல் பாதிகூட இல்லை. இந்த ஓட்டத்தை 13 நொடிக்குள் முடித்ததாகக் கணக்கில் ஏறிய முதல் இந்தியப் பெண் அவர்.

கணக்கில் ஏறிய என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 12.79 ஓடியிருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கோழிக்கோட்டில் 13.09. 2020 ஜனவரியில் மூடபித்ரியில் 13.03. மூன்றுமே ஓடிய நாளில் இருந்த தேசியச் சாதனையைவிட வேகமானவை. மூன்றில் ஒன்றைக்கூடச் சாதனையாக எழுதிக்கொள்ளவில்லை.

பெங்களூரில் நான் கொடுக்கும் தடகளப் பயிற்சிக்கு அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து காலையில் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடம் இந்தக் கதையை அடிக்கடி சொல்ல வேண்டி வருகிறது. போனில் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்தபடி நிற்பார்கள். "இவ்ளோ நல்ல டைமிங் வந்துருக்கு, ஏன் மாஸ்டர் ஒத்துக்க மாட்டேங்குறாங்க?" என்பார்கள். நியாயமான கேள்வி. சின்ன மீட்டுகளில், அதாவது தடகளப் போட்டிகளில், காற்றுமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைக் குறிக்கும் வேலையும் நான் பார்த்ததுண்டு. அதனால் அந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் எனக்குப் புரிகிறது. ஜோதியின் ஓட்ட வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் பதில் தெளிவாகக் கிடைக்கும் என்பதால் இதை முழுசாக எழுதுகிறேன்.

விசாகப்பட்டினத்திலிருந்து புவனேஸ்வர் வரை

1999 ஆகஸ்ட் 28 அன்று விசாகப்பட்டினத்தில் பிறந்தவர் ஜோதி. அப்பா தனியார் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். அம்மா வீட்டு வேலையும் மருத்துவமனையில் துப்புரவு வேலையும் செய்தவர். படித்தது துறைமுகப் பள்ளியில். உயரமாக இருக்கிறாளே, தடை ஓட்டத்துக்குச் சரியாக வருவாள் என்று அங்கே இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுகொண்டார். 2015ல் ஆந்திர மாநில மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் தங்கம். மறு ஆண்டு இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) ஹைதராபாத் மையத்தில் துரோணாச்சார்யா விருது பெற்ற கோச் நாகபுரி ரமேஷிடம் சேர்ந்தார். 2019ல் புவனேஸ்வர். அங்கே கலிங்கா ஸ்டேடியத்தில் ஒடிசா அரசும் ரிலையன்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய தடகள மையத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹில்லியர் கோச்சாக இருந்தார்.

இந்தப் பகுதியை எல்லாப் பத்திரிகைகளும் உருக்கமாக எழுதிவிட்டன. நான் வேகமாகக் கடந்து போகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பள்ளி, சாய், உயர்நிலை மையம் என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் இந்தப் பெண்ணை அடுத்தவர் கையில் ஒப்படைத்திருக்கிறார். யாரும் இவள் என் பிள்ளை என்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் மைதானங்களில் இது அவ்வளவு சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

எட்டரை மீட்டர் என்ற பிரச்சினை

பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 83.8 சென்டிமீட்டர் உயரம். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13 மீட்டர், தடைகளுக்கு இடையே 8.5 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 10.5 மீட்டர். முதல் தடைக்குப் பொதுவாக எட்டு ஸ்டெப். அதற்கப்புறம் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்றே ஸ்டெப்.

இந்த மூன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாதாரண 100 மீட்டர் ஓட்டத்தில் வேகம் கூடக்கூட அடியை நீட்டிக்கொள்ளலாம். இங்கே நீட்ட முடியாது. நீட்டினால் அடுத்த தடையில் மோதுவீர்கள். பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எட்டரை மீட்டர் எட்டாத தூரம்; மூன்று ஸ்டெப்பில் போய்ச் சேர மாட்டார்கள், நாலாவது ஸ்டெப் போடுவார்கள், கால் மாறிவிடும். ஜோதி மாதிரி உயரமான, வேகம் ஏறிய ஓட்டக்காரிக்குப் பிரச்சினை தலைகீழாகிறது. இடம் போதாது. காலைச் சுருக்கி, தரையிலிருந்து சீக்கிரம் எடுத்து, அதே மூன்று ஸ்டெப்பை இன்னும் குறைந்த நேரத்தில் போட வேண்டும். உயரத்தைப் பார்த்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உயரம்தான் பிற்பாடு அவர் சமாளிக்க வேண்டிய வேலையாகவும் ஆனது.

இந்த மட்டத்தில் ஒரு தடையைத் தாண்டிக் கால் ஊன்றியதிலிருந்து அடுத்ததைத் தாண்டிக் கால் ஊன்றும் வரை ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் நூற்றில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்தால் ஒன்பது இடைவெளியில் 0.09. அவ்வளவுதான் கிடைக்கும். ஜோதி வருவதற்கு முன் இருந்த தேசியச் சாதனை 13.38. இப்போது அவர் பெயரில் இருப்பது 12.78. இடையில் உள்ள 0.60 நொடி ஒரே இடத்தில் கிடைத்ததாக இருக்க முடியாது. ஸ்டார்ட்டில் கொஞ்சம், ஒவ்வொரு தடைக்கும் கொஞ்சம், கடைசிப் பத்தரை மீட்டரில் கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்த்தது. அதனால்தான் தடை ஓட்டத்தில் ஒரு முறை நல்ல டைமிங் வந்தால் கோச்சுகள் உடனே கொண்டாடுவதில்லை. அடுத்த வாரமும் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. 16 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 80 மீட்டர்தான். எட்டுத் தடைகள், 76.2 சென்டிமீட்டர் உயரம், இடைவெளி 8 மீட்டர். பதினாலு வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் தடையில் ஏற்றி வீடியோ எடுத்துப் போடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, முட்டியில் அடிபடுவதைத் தவிர.

மூடபித்ரி: ஆள் இல்லாததால் போன சாதனை

2020 ஜனவரியில் மங்களூருக்குப் பக்கத்தில் உள்ள மூடபித்ரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. ஜோதி 13.03 ஓடினார். அனுராதா பிஸ்வால் 2002ல் டெல்லியில் ஓடிய 13.38 அதுவரை சாதனையாக இருந்தது. பதினேழு வருடத்துக்கும் மேலாக யாராலும் அசைக்க முடியாத நேரத்தை இருபது வயதுப் பெண் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் முந்திவிட்டார்.

சாதனை ஏற்கப்படவில்லை. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அன்று அவரிடம் சோதனை எடுக்கவில்லை. இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை. சாதனை என்று எழுத இரண்டும் வேண்டும்.

விதியில் தப்பில்லை என்றே சொல்வேன். டோப் டெஸ்ட் இல்லாமல் சாதனை எழுத ஆரம்பித்தால் நம் நாட்டுப் பட்டியலே ஒரு வருடத்தில் சிரிப்புக்கு இடமாகிவிடும். ஆனால் சோதனை எடுக்க ஆள் வராததற்கு ஓடியவர் என்ன செய்வார்? டைமிங் வந்த பிறகு அவரே போய் யாரைக் கேட்பது? சாதனை படைக்கக்கூடியவர் ஓடுகிறார் என்று முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு அதிகாரிகளை ஏற்பாடு செய்வது நடத்துகிறவர்கள் வேலை. அந்தக் குறையின் விலையை ஒரு மாணவி கொடுத்தார். எனக்கு இதில் இன்றும் மனம் ஒப்பவில்லை.

அப்புறம் கோவிட் வந்தது. போட்டிகள் நின்றன. காயமும் சேர்ந்துகொண்டது. 13.03 என்ற எண் அவருடைய கால்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது.

கோழிக்கோட்டில் 2.1

2022 ஏப்ரல், கோழிக்கோட்டில் ஃபெடரேஷன் கோப்பை. 13.09. இந்த முறை அதிகாரிகள் இருந்தார்கள், காற்றுமானி இருந்தது, அதுதான் இடித்தது. பின்காற்று நொடிக்கு 2.1 மீட்டர். எல்லை 2.0.

காற்றுமானி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த 2.1ன் கொடுமை இன்னும் நன்றாகப் புரியும். முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் லேனுக்குப் பக்கத்தில், 1.22 மீட்டர் உயரத்தில் அதை நிறுத்துகிறோம். 100 மீட்டர் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 நொடி அளக்கும். தடை ஓட்டத்துக்கு 13 நொடி. அந்த 13 நொடியின் சராசரிதான் கணக்கு. நடுவில் ஒரு காற்று வேகமாக அடித்து ஓய்ந்தாலும் சராசரியில் சேர்ந்துவிடும். அதோடு, கிடைத்த எண்ணை மேல்நோக்கித்தான் முழுமைப்படுத்த வேண்டும். 2.01 வந்தாலும் 2.1 என்றே எழுத வேண்டும். கோழிக்கோட்டில் அடித்த காற்று எல்லையைத் தாண்டியது உறுதி. எவ்வளவு தாண்டியது என்பதை அந்த ஒற்றைத் தசமம் சொல்லாது.

காற்று அடித்தால் தடை ஓட்டக்காரருக்கு லாபம் மட்டும்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. முழுக்க உண்மை இல்லை. பின்னாலிருந்து தள்ளினால் அடி நீளும், அடி நீண்டால் தடை சீக்கிரம் முகத்துக்கு வந்துவிடும். உயரமானவர்களுக்கு ஏற்கெனவே இடம் போதாது. காற்றும் சேர்ந்தால் காலை இன்னும் சுருக்க வேண்டும். காற்றோடு ஓடத் தெரியாமல் தடையில் இடித்து விழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் விதி இதையெல்லாம் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. எல்லோருக்கும் ஒரே கோடு.

அது உண்மையிலேயே எல்லோருக்கும் ஒரே கோடுதான் என்பதற்கு அதே வருடமே ஒரு சாட்சி. 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீனில் உலகப் போட்டி. நைஜீரியாவின் டோபி அமுசன் அரையிறுதியில் 12.12 ஓடி உலக சாதனை படைத்தார். கொஞ்ச நேரத்தில் இறுதியில் 12.06 ஓடினார். காற்று +2.5. உலக சாம்பியன் பட்டம் கிடைத்தது, 12.06 உலக சாதனையாகவில்லை. இரண்டு மாதம் சொச்சம் கழித்து காந்திநகரில் ஜோதி 12.79 ஓடியபோதும் காற்றுமானியில் அதே +2.5. தங்கத்தை அவர் கழுத்தில் போட்டார்கள். முதல் முறையாக 13க்குள் என்ற வரியை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. அதே போட்டியில் தடை இல்லாத 100 மீட்டரிலும் தங்கம் வென்றார். 13 நொடிக்குள் வந்ததற்கு அடிப்படை எங்கே இருந்தது என்று அதிலேயே தெரிகிறது.

பதினாறு நாளில் மூன்று சாதனை

கோழிக்கோட்டுக்கும் காந்திநகருக்கும் நடுவே நடந்ததுதான் இந்த ஆய்வின் திருப்பம். கோழிக்கோடு முடிந்த அடுத்த மாதம் ஜோதி ஐரோப்பாவுக்குப் போனார். மே 10 அன்று சைப்ரஸ் நாட்டின் லிமாசோலில் 13.23, காற்று 0.1 மீட்டர், அதுவும் எதிர்க்காற்று. அனுராதா பிஸ்வாலின் இருபது வருடச் சாதனை அங்கேதான் கடைசியில் முறையாக விழுந்தது. மே 22 அன்று இங்கிலாந்தின் லஃப்பரோவில் 13.11. மே 26 அன்று நெதர்லாந்தின் ஃபுக்ட்டில் 13.04.

லிமாசோலில் சாதனையான 13.23ஐ மூடபித்ரியின் 13.03 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் சொந்த ஓட்டத்தைவிட 0.20 நொடி மெதுவாக ஓடித்தான் அவர் முதல் முறையாகத் தேசியச் சாதனை படைத்தார். என் கணிப்பில் அந்தப் பயணத்தின் பலன் வேகத்தில் மட்டும் இல்லை. காற்றுமானி, மின்னணு நேரக்கருவி, சோதனை, அதிகாரிகள் எல்லாம் வழக்கமாகவே அமைந்திருக்கும் போட்டிகளில் அடுத்தடுத்து ஓடும் வாய்ப்பு அதில் கிடைத்தது. ஒரு மீட்டில் காற்று கெடுத்தால் நாலு நாளில் இன்னொரு மீட். இங்கே நம் ஆட்களுக்கு ஒரு பருவத்தில் கிடைக்கும் பெரிய போட்டிகளை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்றில் காற்று அடித்தால் அந்த வருடக் கணக்கு அங்கேயே முடிந்தது.

மர்பி டவுனிலிருந்து மகளைக் கூட்டிவரும் ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பணம் இருக்கறவங்க மட்டும்தான் ரெக்கார்டு வெக்க முடியுமா மாஸ்டர்?" என்றார். முழுக்க அப்படி இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. பாதி அப்படித்தான். ஜோதிக்குப் பின்னால் ஒரு மையமும் அறக்கட்டளையும் இருந்தன. விசாகப்பட்டினத்து வீட்டிலிருந்து நேராக லிமாசோலுக்கு டிக்கெட் எடுத்திருக்க முடியாது. மறு பாதிக்குத்தான் கண்டீரவா சாட்சி.

கண்டீரவா

அந்த ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இறுதிக்கு வர முடியவில்லை. ஐரோப்பாவில் வந்தது பெரிய மேடையில் வருமா என்று பேச ஆரம்பித்தார்கள். பிறகு காந்திநகர், பிறகு பெங்களூரு.

பெங்களூரில் வந்த 12.82 பற்றிச் சிலர் இன்னொரு சந்தேகம் கிளப்புவார்கள்: உயரமான ஊர், காற்று லேசு, அதனால் வந்த டைமிங். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருப்பது உண்மை. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், குறுந்தூர ஓட்டத்துக்கு அது கொஞ்சம் உதவும் என்பதும் உண்மை. ஆனால் 1000 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஊர்களில் ஓடிய நேரத்துக்குத்தான் பட்டியலில் தனி அடையாளம் போடுகிறார்கள். பெங்களூருக்கு அந்த அடையாளம் கிடையாது. அடுத்த வருடம் சீனாவின் சமவெளி ஊரான செங்டுவில் அவர் இதைவிட வேகமாக ஓடியதோடு அந்தப் பேச்சும் அடங்கியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2.5 காற்றில் 12.79 ஓடியவர் 0.9 காற்றில் 12.82 ஓடினார். காற்றின் உதவி பெருமளவு குறைந்தும் நேரம் 0.03தான் கூடியது. அப்படியென்றால் பெங்களூரு ஓட்டம் காந்திநகர் ஓட்டத்தைவிடத் தரமானது. முந்தைய முடிவை எதிர்த்து வாதாடிக்கொண்டிருப்பதைவிட, காற்று எப்படி இருந்தாலும் 13க்குக் கீழேயே நிற்கும் அளவுக்குத் தன் ஓட்டத்தை வளர்த்துக்கொள்வது என்பதுதான் அந்த வருடம் அவர் போன வழி. உள்ளூர் ஸ்டேடியத்தில், உள்ளூர் அதிகாரிகள் முன்னால், எல்லாக் கருவியும் சரியாக இருந்த ஒரு நாளில் அது நடந்தது. வெளிநாடு போனால்தான் ஆகும் என்பதற்கு அது பதில்.

ஸ்டாப் வாட்ச் பெற்றோருக்கு இங்கேதான் இன்னொன்றும் சொல்வேன். கையால் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகத்தான் வரும், ஒப்பிடும்போது 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம். போனில் 14.9 வந்தால் உண்மையில் 15.1க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் வாடும். வாடினாலும் பரவாயில்லை.

ஹாங்சோ: வாதாட வேண்டிய இடம்

2023 நல்ல வருடம். பிப்ரவரியில் அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் தடை ஓட்ட வெள்ளி, 8.13. ஜூலையில் பாங்காக்கில் ஆசிய சாம்பியன், 13.09; பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியாவுக்கு முதல் ஆசியத் தங்கம். ஆகஸ்ட் 4 அன்று செங்டு உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் வெண்கலம், 12.78. அதே மாதம் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் ஹீட்ஸ் என்ற முதல் சுற்றோடு வெளியே.

அக்டோபர் 1, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி. கோயம்புத்தூர் நித்யா ராம்ராஜும் அதே இறுதியில் ஓடினார் என்பதால் நம் வீடுகளில் பலர் அதை நேரலையில் பார்த்திருப்பார்கள். (அவருடைய இரட்டைச் சகோதரி வித்யா அந்தப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்.) துப்பாக்கி வெடிக்கும் முன் சீனாவின் வூ யன்னி நகர்ந்தார். பக்கத்து லேனில் இருந்த ஜோதி அந்த அசைவைப் பார்த்துப் பின்னாலேயே கிளம்பினார். ஓட்டம் நிறுத்தப்பட்டது. அதிகாரிகள் இருவரையும் நீக்குவதாகச் சொன்னார்கள்.

இங்கே ஜோதி பேசாமல் நடந்து போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் நகரவில்லை. திரையில் ஓடிய மறுகாட்சியைப் பார்க்கச் சொல்லி வாதாடினார். 2010லிருந்து, துப்பாக்கிக்கு முன்னால் கிளம்பும் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஒன்று நடந்தாலே வெளியேற்றம். முன்பு போல எச்சரிக்கை கிடையாது. ஆனால் அந்த இடத்திலேயே வாய்மொழியாக ஆட்சேபம் சொன்னால், நடுவருக்குச் சந்தேகம் இருக்கும் பட்சத்தில், ஆட்சேபத்துக்கு உட்பட்டு ஓட விடலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. அப்படியே இருவரையும் ஓட விட்டார்கள். சீனாவின் லின் யுவே 12.74ல் தங்கம், வூ யன்னி இரண்டாவது, ஜோதி 12.91ல் மூன்றாவது. ஓட்டம் முடிந்த பிறகு வூ யன்னி நீக்கப்பட்டார். ஜோதிக்கு வெள்ளி.

நம் பிள்ளைகளுக்கு அதிகாரியை எதிர்த்துப் பேசாதே என்றுதான் சொல்லி வளர்க்கிறோம். மரியாதை வேண்டும், சரி. ஆனால் விதி கொடுத்திருக்கும் ஆட்சேபத்தை மரியாதையாகச் சொல்லக் கற்றுக்கொடுக்காத கோச் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். மூடபித்ரியில் வாதாடிப் பயனில்லை; சோதனை நடக்கவில்லை, நடந்ததாக்க முடியாது. கோழிக்கோட்டில் வாதாடிப் பயனில்லை, எண் எழுதியாகிவிட்டது. ஹாங்சோவில் முடிவு இன்னும் திறந்திருந்தது. எங்கே வாய் திறக்க வேண்டும், எங்கே அடுத்த மீட்டுக்குத் தயாராக வேண்டும் என்பதில் அவருக்கோ அவருடைய குழுவுக்கோ குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

நூற்றில் ஒன்று

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரம் 12.77. ஜோதியின் செங்டு நேரம் 12.78. 2024 மே 22 அன்று பின்லாந்தின் யுவாஸ்கிலாவில் மறுபடியும் ஓடினார். மறுபடியும் 12.78. அதே நாள் அதே போட்டியில் மகாராஷ்டிரத்தின் தேஜஸ் ஷிர்சே ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.41 ஓடித் தேசியச் சாதனை படைத்தார்; அந்த மகிழ்ச்சியில் இந்த 12.78 பற்றிப் பலர் அவ்வளவாகப் பேசவில்லை.

அவருடைய சராசரி வேகத்தில் நூற்றில் ஒரு நொடி என்பது எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரம். போட்டோ ஃபினிஷில் நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படித்து, பிறகு மேல்நோக்கி நூற்றில் ஒன்றாக்குவார்கள். 12.771 ஓடினாலும் பட்டியலில் 12.78தான். காற்றிலும் மேல்நோக்கி, நேரத்திலும் மேல்நோக்கி. இரண்டுமே ஓடுகிறவருக்குப் பாதகமான திசை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சாதனைப் பட்டியலின் தர்மம்.

கடைசியில் உலகத் தரவரிசை வழியாக அவருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர். ஹீட்ஸில் 13.16, பாரிஸில்தான் முதல் முறையாக அறிமுகமான மறுவாய்ப்புச் சுற்றில் 13.17. அதோடு வெளியே. தங்கம் வென்ற அமெரிக்காவின் மசாய் ரசலின் நேரம் 12.33. இந்தியாவில் எட்டாத உயரத்தில் இருப்பவருக்கும் உலக மேடைக்கும் நடுவே இன்னும் அரை நொடிக்கு அருகே இருக்கிறது; இதை மழுப்ப வேண்டிய அவசியமில்லை. ஜோதியின் பெரிய ஓட்டங்களில் பாரிஸ்தான் எனக்கு ஏமாற்றம் தந்தது. ஒலிம்பிக்கில் தன் சொந்த நேரத்தைவிட 0.38 பின்தங்கி ஓடினார், அங்கே காற்றையோ காகிதத்தையோ காரணம் சொல்ல முடியாது.

2025 மே, தென்கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப். 12.96, போட்டிச் சாதனையோடு தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அடுத்து வந்த ஜப்பானின் யுமி தனாகாவுக்கும் சீனாவின் வூ யன்னிக்கும் 12.97. இந்த முறை நூற்றில் ஒன்று அவர் பக்கம் விழுந்தது. அதற்கு முன் ஜனவரியில் அர்ஜுனா விருதும் வந்திருந்தது.

முழங்கால்

குமி முடிந்து இரண்டு மாதத்துக்குள், ஜூலையில், பயிற்சியின்போது முழங்காலில் அடி. ஏசிஎல் என்று எல்லோரும் சொல்லும் முன் சிலுவைத் தசைநார். அறுவை சிகிச்சை. செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் போகவில்லை.

தடை ஓட்டக்காரருக்கு இந்தக் காயம் ஏன் இவ்வளவு கனமானது என்றால், தடையைத் தாண்டி ஒற்றைக் காலில் இறங்கி, அந்தக் காலிலேயே உடனே அடுத்த ஸ்டெப்புக்குத் தள்ள வேண்டும். ஒரு ஓட்டத்தில் பத்து முறை. முழங்கால் முன்னால் சறுக்காமலும் திருகாமலும் பிடித்து வைப்பது அந்தத் தசைநார்தான். புதிதாகப் பொருத்திய தசைநார் உடம்போடு ஒட்டிப் பலமாக, போட்டிக்குத் திரும்பப் பொதுவாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். நேர் ஓட்டம் முதலில் திரும்பும், தாழ்ந்த தடைகள் அப்புறம், 83.8 கடைசியில். அதிலும் நினைவில் பதிந்த மூன்று ஸ்டெப் தாளத்தைப் பழைய வேகத்தில் போட மனம் துணிய வேண்டும். கோச்சுகள் பயப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான்.

அந்தத் தாளம் திரும்பிவிட்டதா என்பதை முதல் மீட்டின் முடிவு நேரத்தில் தேடாதீர்கள் என்று காலைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்தாவது தடையிலிருந்து எட்டாவது வரை பாருங்கள். களைப்பு தொடங்கும் இடம் அது. அங்கே ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப் போலவே இருந்தால், காற்றுமானி என்ன காட்டினாலும், ஓட்டம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.